சிசு மரண விகிதம் 13-ஆ, 18.6-ஆ?

தமிழ்நாட்டில் உயிரோடு பிறக்கும் 1000 குழந்தைகளில் எத்தனை பேர் ஒரு வயதுக்குள் இறக்கிறார்கள்? மாதிரிப் பதிவுத் திட்டத்தின் 2020 அறிக்கை 13 என்கிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு 18.6 என்கிறது. இரண்டுமே ஒன்றிய அரசின் கணக்குதான். எண்ணும் முறைதான் வேறு.

குடும்ப நல ஆய்வில், தேர்ந்தெடுத்த வீடுகளுக்குப் போய், 15 முதல் 49 வயதுப் பெண்களிடம் இதுவரை பெற்ற ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் கேட்கிறார்கள். கிடைப்பது முந்தைய ஐந்து ஆண்டுகளின் சராசரி. ரத்தசோகை, குழந்தைகளின் உயரம், எடை போன்றவற்றுக்கு இந்த ஆய்வைத்தான் பார்க்க வேண்டும்.

மாதிரிப் பதிவுத் திட்டத்தில், தேர்ந்தெடுத்த கிராமத்திலோ நகரப் பகுதியிலோ ஒரு பகுதிநேரக் கணக்காளர் பிறப்பு, இறப்பை ஆண்டு முழுக்கக் குறித்துக்கொண்டே இருப்பார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் வந்து, அந்தப் பட்டியலைப் பார்க்காமல் வீடு வீடாகத் தனியே விசாரிப்பார். அப்புறம் இரண்டையும் ஒப்பிட்டு, ஒத்துப்போகாத வீட்டுக்கு மறுபடி போவார்கள். பிறந்து இரண்டே நாளில் இறந்த குழந்தையைப் பற்றி வீட்டில் பேசவே மாட்டார்கள். அந்தக் குழந்தையும் விடுபடாமல் இருக்கத்தான் இத்தனை பாடு. இறப்பு விகிதத்துக்கு நான் முதலில் எடுப்பது இந்தக் கணக்கைத்தான்.

ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து மாதாமாதம் போகும் கணக்கு ஒன்றும் உண்டு. எந்த வட்டாரத்தில் தடுப்பூசி குறைகிறது என்று உடனே காட்டும். ஆனால் மருத்துவமனைக் கணக்கில் ஏறாதது அதில் தெரியாது.

சரி, இதில் நம் பங்கு எங்கே? பிறப்பு இறப்புப் பதிவில். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் பதிய வேண்டும். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை, முதல் சான்றிதழும் இலவசம். மருத்துவமனையில் நடந்தால் தெரிவிப்பது மருத்துவமனையின் பொறுப்பு. வீட்டில் நடந்தால் குடும்பத் தலைவரின் பொறுப்பு. பெயர் வைக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். பெயரில்லாமல் பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். குழந்தை சில நிமிடங்களே உயிரோடு இருந்தாலும் பிறப்பையும் பதிய வேண்டும், இறப்பையும் பதிய வேண்டும்.

2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தம் இன்னொரு உரிமையையும் தருகிறது. அரசு மருத்துவமனையோ தனியாரோ, அங்கே இறந்தவரின் மரணக் காரணச் சான்றிதழைப் பதிவாளருக்குக் கட்டணமின்றி அனுப்ப வேண்டும். ஒரு பிரதியை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும். கையில் வாங்கியதும் காரணம் என்ற இடத்தைப் பாருங்கள். "இதயம் நின்றுவிட்டது" என்று மட்டும் எழுதியிருந்தால் அது காரணமே ஆகாது; எல்லா மரணத்திலும் இதயம் நிற்கத்தான் செய்யும். அதன் கீழே சர்க்கரை நோயா, காசநோயா, பக்கவாதமா என்று மரணத்துக்கு அடிப்படையான நோயை எழுதத் தனி வரிகள் இருக்கின்றன. அவை வெறுமையாக இருந்தால், சிகிச்சை பார்த்த மருத்துவரிடமே நிரப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள்.