மே மாதக் கிடார், நவம்பர் கிடார்

என்னிடம் 1966ல் செய்த ஒரு ஹார்மனி சாவரின் கிடார் இருக்கிறது. ஒலித்துளை வழியாகச் செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால், உள்ளே மங்கிய மை முத்திரையில் 66 என்ற எண் தெரியும். சிகாகோவில் 1892ல் தொடங்கிய கம்பெனி ஹார்மனி; சாவரின் அதன் ஒரு மாடல். ஒரு காலத்தில் அமெரிக்காவிலேயே அதிகம் கிடார் செய்தவர்கள். 1970களின் நடுவில் மூடிவிட்டார்கள். வேலூரில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஓர் அமெரிக்கர் விட்டுப்போனது, இரண்டு கை மாறி காட்பாடியில் என் வீட்டுக்கு வந்தது.

வந்த முதல் வருஷமே ஒன்று புரிந்துவிட்டது. மே மாதம் வாசிக்கும் கிடாரும் நவம்பரில் வாசிக்கும் கிடாரும் ஒன்றல்ல. மே மாதம் கம்பி விரலுக்குள் அடங்கி வரும். ஐப்பசி மழை பிடித்ததும் அதே கம்பி விரலை வெட்டும். சந்தேகம் தீர ஓர் இரும்பு ஸ்கேலை வைத்து அளக்க ஆரம்பித்தேன். கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளை ஃப்ரெட் என்பார்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே தடித்த கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுதான் கணக்கு. இதை ஆக்‌ஷன் என்பார்கள். மே மாதம் 2.5 மில்லிமீட்டர், நவம்பரில் 3.2. கேட்க அற்பமாக இருக்கும். முக்கால் மணி நேரம் வாசித்துப் பார்த்தால் அற்பம் இல்லை.

பன்னிரண்டாம் ஃப்ரெட் என்பது கம்பியின் நட்ட நடு. நடுவில் 0.7 ஏறியிருக்கிறது என்றால், கம்பியின் அந்தக் கோடியில், கம்பிகளை முகப்பலகையோடு பிடித்துவைக்கும் பிரிட்ஜ் என்ற மரத்துண்டு இருக்கும் இடத்தில், அதைப்போல் இரண்டு மடங்கு ஏறியிருக்க வேண்டும். அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை மில்லிமீட்டர். நெக், அதாவது கழுத்து, வளைந்துவிட்டது என்றுதான் நான் முதலில் பயந்தேன். உண்மையில் கிடாரின் வயிறு, அதாவது ஒலித்துளை இருக்கும் முகப்பலகை, உப்பியிருந்தது.

அது ஏன் உப்புகிறது? நம் வீட்டுக் கதவைப் பார்த்தாலே பாதி புரியும். மழைக்காலத்தில் பழைய பலகைக் கதவு நிலையில் சிக்கிக்கொள்ளும், தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டும். ஆனால் கவனித்துப் பாருங்கள், சிக்குவது பக்கவாட்டில்தான். கதவு மேலே வளர்ந்து நிலையில் முட்டியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மரம் நனைந்தால் அகலத்தில் பருக்கும், நீளத்தில் அநேகமாக அசையாது.

காரணம் மரத்தின் உள்ளே இருக்கிறது. மரத்தின் உயிரணுச் சுவர்கள் செல்லுலோஸ் என்ற நீண்ட சங்கிலிகளால் ஆனவை. அந்தச் சங்கிலிகள் பெரும்பாலும் மரம் வளரும் திசையிலேயே கிடக்கின்றன. அவற்றுக்கு இடையில் ஹெமிசெல்லுலோஸ் என்ற இன்னொரு பொருள், பசைபோல. தண்ணீர் மூலக்கூறு எங்கே கிடைத்தாலும் பிடித்துவைத்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. காற்றில் ஈரம் கூடினால் தண்ணீர் சங்கிலிகளுக்கு நடுவே நுழைந்து அவற்றைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. சங்கிலி விலகுமே தவிர, நீளாது. அதனால்தான் கதவு அகலத்தில் மட்டும் சிக்குகிறது.

இப்போது கிடாருக்கு வருவோம். காற்றின் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், அந்தக் காற்றில் நெடுநாள் கிடந்த மரத்தில் அதன் உலர் எடையில் சுமார் 6 சதவீதம் தண்ணீர் இருக்கும். ஈரப்பதம் 80 என்றால் சுமார் 16. கத்திரி வெயிலின் மதியமும் நவம்பர் அடைமழையும் வேலூரில் ஏறக்குறைய இந்த இரண்டு எல்லைகள்தான். சாவரினின் முகப்பலகை ஸ்ப்ரூஸ் மரம். அந்த மரம் தண்ணீர் ஒரு சதவீதம் கூடினால் அகலத்தில் சுமார் 0.15 சதவீதம் பருக்கும். பலகையின் அகலம் கிட்டத்தட்ட 40 சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 6 மில்லிமீட்டர் வருகிறது! பலகையைத் தனியாகத் தரையில் போட்டு வைத்தால், கோடைக்கும் மழைக்கும் நடுவே அரை சென்டிமீட்டருக்கு மேல் அகலம் மாறக்கூடும். பாலீஷ் அடித்த மேல்பக்கம் ஈரத்தை மெதுவாகத்தான் விடும் என்பதால் மரம் அந்த எல்லைவரை போய்ச் சேர வாரக்கணக்கு ஆகும். ஆனால் உள்பக்கம் பாலீஷ் கிடையாது, வெறும் மரம். ஒலித்துளைதான் ஈரம் போகவர வாசல்.

பலகை தனியாக இல்லையே, அதுதான் சிக்கல். அதன் முதுகில் குறுக்குச் சட்டங்கள் ஒட்டியிருக்கின்றன. மார்ட்டின் கம்பெனி கிடார்களில் இந்தச் சட்டங்கள் பெருக்கல் குறி போலப் போகும். ஹார்மனியில் ஏணிப் படிகள் மாதிரி நேர் குறுக்கே போகின்றன. சட்டமும் மரம்தான், ஆனால் அதன் நீளவாக்கு பலகையின் அகலவாக்கில் கிடக்கிறது. பலகை பருக்கப் பார்க்கிறது, சட்டம் நீள மறுக்கிறது. ஒட்டிய பக்கம் நகர முடியாமல், மேல்பக்கம் மட்டும் விரிந்தால் என்ன ஆகும்? பலகை வளைந்து மேலே உப்பும். இஸ்திரிப் பெட்டிக்குள் சூடு ஏறியதும் வளைந்து கரண்டைத் துண்டிக்கும் இரட்டை உலோகத் தகடும் இதே கதைதான். அங்கே சூடு, இங்கே ஈரம். இத்தனைக்கும் அந்தப் பலகையின் கனம் மூன்று மில்லிமீட்டருக்குள். அதன் மேல் ஆறு கம்பிகளும் சேர்ந்து இரவும் பகலும் 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. ஒரு ஆள் எடை.

கோடையில் இது தலைகீழ். பலகை சுருங்கப் பார்க்கும், சட்டமும் ஓரங்களும் விடாது. வயிறு உள்ளே குழியும், கம்பி இறங்கும், சில ஃப்ரெட்டுகளில் உரசி இரையும். அதற்கு மேலும் காய்ந்தால் மரம் விட்டுக்கொடுத்துவிடும். ஸ்ப்ரூஸ் நீளவாக்கில் எவ்வளவு உறுதியோ, ரேகைக்குக் குறுக்கே அவ்வளவு பலவீனம். விறகு பிளப்பதுபோல ரேகையோடு ஒரு கோடு விழும். பழைய கிடாரை வாங்கப் போகிறவர்கள் முதலில் பிரிட்ஜுக்குப் பின்னால் அந்தக் கோடு இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். என்னுடையதில் ஒன்று உண்டு, நான் வாங்குவதற்கு முன்பே விழுந்தது. என்னைக் கேட்டால், பழைய கிடாருக்கு மழையைவிட வேலூர் வெயில்தான் பெரிய எதிரி. உப்பிய வயிறு தை மாதம் தானாக இறங்கும். விழுந்த கோடு தானாகச் சேராது.

சுருதியும் இதோடு சேர்ந்து ஆடும். மழையில் வயிறு ஏறுவதால் கம்பி இன்னும் இழுபட்டு சுருதி கூடும். வெயிலில் எஃகுக் கம்பி சூட்டில் விரிந்து தளரும். பத்து டிகிரி ஏறினால் முதல் கம்பி அரைச் சுரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு இறங்கும் என்று கணக்கு சொல்கிறது. நம் ஊர்ப் பறையில் எல்லாம் எதிர்ப்பக்கம். மழையில் தோல் தொங்கிச் சத்தம் அமுங்கிப்போகும், அதனால்தான் அடிக்கும் முன்பு வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுகிறார்கள். தோலிலிருந்து ஈரம் போனதும் சுருங்கி இறுகும், ஓசை கணீரென்று எழும்.

தோல் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. வட ஆற்காட்டுக்காரன் என்ற முறையில் என்னை அதிகம் வியக்கவைத்ததும் அதுதான்.

போன மே மாதம் ஆம்பூரில் ஒரு கல்யாணம். வாசிக்கலாம் என்று கிடாரை எடுத்துப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் கிடாரைக் காரிலேயே வைத்துவிட்டு மண்டபத்துக்குள் போய்விட்டேன். வெளியே 41 டிகிரி. கண்ணாடி ஏற்றிய கார் அந்த வெயிலில் 60 டிகிரியைச் சுலபமாகத் தொடும். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து பெட்டியைத் திறந்தால், பிரிட்ஜின் பின் ஓரம் பலகையைவிட்டுத் தூக்கியிருந்தது. ஒரு விசிட்டிங் கார்டை இடுக்கில் விட்டேன்; தடையே இல்லாமல் அரை விரல் ஆழம் போயிற்று. ஆறு கம்பியையும் உடனே தளர்த்தினேன். அன்று வாசிக்கவில்லை.

சத்துவாச்சாரியில் எனக்குத் தெரிந்த ஆசாரி ஒருவரிடம் கொண்டுபோனேன். கதவு, கட்டில், பூஜை அலமாரி செய்பவர். இடுக்கிலிருந்து உதிர்ந்த ஒரு சில்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தேன் நிறம், கண்ணாடிபோல உடையும் சில்லு. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வஜ்ஜிரம் சார் இது. எங்க அப்பா காய்ச்சுவாரு. இன்னிக்கு எவன் சார் காய்ச்சறான், எல்லாம் டப்பா பசைதான்."

வஜ்ஜிரம் என்பது மாட்டுத் தோலிலிருந்து எடுக்கும் பசை. தோலில் கொலாஜன் என்ற புரதம், மூன்று இழை முறுக்கிய கயிறுபோல இருக்கிறது. தோல் துண்டுகளைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, கழுவி, வெந்நீரில் பக்குவமாகச் சூடாக்கினால் முறுக்கு பிரிந்து இழைகள் தண்ணீரில் கரையும். அதைக் காய வைத்தால் வஜ்ஜிரம். திரும்ப ஊறவைத்து, சூடாகத் தடவினால் மரத்தின் துளைகளுக்குள் இறங்கி, ஆறும்போது இழைகள் மறுபடி ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். காயக் காயச் சுருங்கி இரண்டு பலகையையும் நெருக்கி இழுக்கும்.

இப்போது நம் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தொழிற்சாலைகளை நினைத்துப் பாருங்கள். தோல் பதனிடுவது என்றால், அதே கொலாஜன் கயிறு பிரியவே முடியாதபடி குறுக்கே முடிச்சுப் போடுவது. குரோமியம் போட்டுப் பதனிட்ட நல்ல தோல் கொதிநீரிலும் கரையாது. ஒரே புரதம்: முடிச்சுப் போட்டால் செருப்பு, முறுக்கை அவிழ்த்தால் பசை. பதனிடும் முன்பு தோலிலிருந்து வெட்டித் தள்ளும் ஓரங்களும் சுரண்டல்களும்தான் வஜ்ஜிரத்தின் மூலப்பொருள். நான் பிறந்த மாவட்டத்தின் தொழில், சிகாகோவிலிருந்து வந்த கிடாரின் மூட்டுகளில் ஒளிந்திருந்தது எனக்கு அன்றுவரை தெரியாது.

குரோமியத் தோலுக்கு இருக்கும் தாங்குசக்தி இந்தப் பசைக்கு இல்லை. 60 டிகிரி வாக்கில் இளகிவிடும், காரில் நடந்தது அதுதான். ஆனால் இதே குணம்தான் பழைய கிடார்களைக் காப்பாற்றுகிறது. கம்பியின் இழுப்பில் பல பத்தாண்டுகளில் நெக்கின் கோணம் மெல்ல மாறும். அப்போது நெக்கைக் கழற்றி, சீவி, திரும்பப் பூட்ட வேண்டும். ஆவி காட்டினால் வஜ்ஜிரம் மரத்தைச் சிதைக்காமல் விட்டுக்கொடுக்கும். காய்ந்தபின் கண்ணாடிபோல இறுகுவதால், தொடர்ந்து இழுத்தாலும் நழுவாது. வெள்ளைப் பசை அந்த இழுப்பில் நாளடைவில் மெல்ல நகரும்.

ஆசாரி எனக்காக வஜ்ஜிரம் காய்ச்சினார். ராத்திரி ஊறவைத்து, காலையில் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் டப்பாவை வைத்து, கொதிக்கவிடாமல், விரல் பொறுக்கும் அளவுக்குச் சற்று மேலே. கொதித்தால் இழைகள் துண்டு துண்டாகிப் பிடிப்பே போய்விடுமாம். தடவியதும் பிரிட்ஜை வைத்துக் கிளாம்ப் முடுக்க ஒரு நிமிஷம்கூட இல்லை, அதற்குள் ஜெல்லியாகிவிடுகிறது. இரண்டு நாள் தொடக்கூடாது என்றார். நான் மூன்று நாள் தொடவில்லை.

வயதாக ஆக கிடாரின் நாதம் கூடும் என்பார்கள். இதில் ஒரு பாதி உறுதியாக உண்மை. ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஹெமிசெல்லுலோஸ் ஆண்டுகள் போகப் போகச் சிதைகிறது. அதனால் பழைய மரம் குறைவாகவே தண்ணீர் குடிக்கும், அதன் எடையும் சற்றுக் குறையும். தண்ணீர் குறைந்தால் மரத்துக்குள் உராய்வு குறையும், கம்பி கொடுத்த அதிர்வு சீக்கிரம் சூடாக வீணாகாமல் காற்றுக்குப் போகும். என் கிடார் நவம்பரில் தொண்டை கட்டியதுபோலப் பாடுவதும் மார்ச்சில் திறந்து பாடுவதும் இதனால்தான். வாசிக்க வாசிக்கத் திறக்கும் என்ற மறுபாதியை நான் அவ்வளவு நம்புவதில்லை. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தினர் ஒரே மரத்தில் செய்த இரண்டு வயலின்களை எடுத்து, ஒன்றை இசைக்கலைஞரிடம் வாசிக்கக் கொடுத்து, மற்றதை அருங்காட்சியகத்தில் வைத்துப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுக்குப் பிறகும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை.

சரி, வேலூரில் இதை எப்படி வைத்துக்கொள்வது? முதலில் ஈரமானி ஒன்று, கிடார் பெட்டிக்குள்ளேயே. மலிவானது போதும், ஆனால் அது பொய் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சேறு பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்து ஜிப் கவரில் மூடி ஒரு நாள் வையுங்கள். நனைந்த உப்பு தன்னைச் சுற்றியுள்ள காற்றை எப்போதும் 75 சதவீதத்தில் நிறுத்தும். மானி 69 காட்டினால் ஆறு கூட்டிப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். என்னுடையது 69தான் காட்டியது.

கிடாருக்குப் பிடித்தது 45லிருந்து 50. கோடையில் துளை போட்ட சோப்பு டப்பாவில் ஈர ஸ்பாஞ்சை, சொட்டாமல் பிழிந்து, பெட்டிக்குள் வைக்கிறேன். தண்ணீர்ப் பானையையும் அதே அறைக்கு மாற்றிவிட்டேன். பானையின் உடம்பு வழியாகக் கசிந்து ஆவியாகும் தண்ணீர் அந்த அறைக்கு நல்லது. ஏசி அறை வேண்டாம், அது காற்றைக் காயவைத்துவிடும். மழைக்காலத்தில் ஸ்பாஞ்சுக்குப் பதில் சிலிக்கா ஜெல். பாலாற்றில் வெள்ளம் வந்த 2021 நவம்பர் போன்ற ஒரு மாதத்தில் அதுவும் போதாது.

அதற்காகத்தான் ஆசாரியிடம் மாட்டு எலும்பில் இரண்டு சாடில் செய்து வாங்கினேன். பிரிட்ஜில் கம்பி உட்காரும் சிறு குச்சி அது. ஒன்று மற்றதைவிட ஒன்றரை மில்லிமீட்டர் குட்டை. உயரமானதில் பென்சிலால் 'மே' என்றும் குட்டையில் 'நவ' என்றும் எழுதியிருக்கிறேன். நேற்று ராத்திரி மானி, திருத்தம் சேர்த்து, 81 காட்டியது. கம்பியைத் தளர்த்திவிட்டு 'மே' குச்சியை எடுத்துத் தீப்பெட்டியில் போட்டு வைத்தேன்.