பைத்தான் வந்துவிட்டது, டெபியனில் ஏன் இன்னும் வரவில்லை?

பைத்தான் மொழியின் புதுப் பதிப்பு ஆண்டுதோறும் அக்டோபரில் வருகிறது. வந்த வாரமே, லாஸ்பேட்டையில் என்னிடம் நிரல் எழுதக் கற்கும் பிள்ளைகள் கேட்டுவிடுவார்கள்: "சார், ஆப்ட்ல போட்டா இன்னும் பழசுதானே வருது?" நியாயமான கேள்வி. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் நிரல்களை நிறுவும் கருவிதான் ஆப்ட். 3.12 வெளியானது 2023 அக்டோபர் 2. அந்த ஜூனில் வந்திருந்த டெபியன் 12இல் 3.11 இருந்தது. அடுத்த டெபியன் 2025 ஆகஸ்டில் வந்தபோது நேரே 3.13. ஆக, டெபியனின் நிலையான பதிப்பை மட்டும் வைத்திருப்பவர் அதன் வழியாக 3.12ஐப் பார்த்தே இருக்க மாட்டார். நடுவில் நடக்கும் வேலை அவ்வளவு பெரியது.

மொழியை உருவாக்குபவர்கள் மூலநிரலை ஒரு சுருக்கக் கோப்பாக வெளியிடுகிறார்கள். அதை டெபியனில் நிறுவத்தக்க பொதியாக, அதாவது பேக்கேஜாக, ஆக்குபவர் அதன் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்து, 'டெபியன்' என்ற பெயரில் ஓர் அடைவைச் சேர்ப்பார். இதற்கு வேறு என்னென்ன தேவை, எப்படிக் கம்பைல் செய்வது (மூலநிரலை இயந்திர நிரலாக்குவது), எந்தக் கோப்பு எங்கே போகவேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரே மொழி பல பேக்கேஜ்களாகப் பிரியும்: இயங்கக் குறைந்தபட்சம் வேண்டியது தனி, சி ஹெடர் கோப்புகள் தனி, டிகே வரைகலை தனி. வென்வ் (ஒரு திட்டத்துக்கென்று தனிப் பைத்தான் சூழல்) உருவாக்கப் போனால் 'பைத்தான்3-வென்வ்' பேக்கேஜை நிறுவச் சொல்லிப் பிழைச்செய்தி வருகிறதே, அது இந்தப் பிரிப்பால்தான். புதிதாகக் கற்பவருக்குத் தொல்லை. தேவையானதை மட்டும் நிறுவினால் போதும் என்பதால், சின்ன சர்வரை நடத்துபவருக்கு வரம்.

உண்மையான பாரம் இதற்கு அப்புறம்தான். எண்கணக்குக்கான நம்பை போன்ற நூலகங்களின் உள்பகுதி கம்பைல் செய்யப்பட்ட இயந்திர நிரல். அந்தக் கோப்பின் பெயரிலேயே 'சிபைத்தான்-311' என்று எண் இருக்கும். 3.12 அதைத் தொடாது. பைத்தான் தன் பொருள்களை நினைவகத்தில் அடுக்கும் விதம் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். பழைய கணக்கை நம்பித் தப்பான இடத்தில் கைவைத்தால் நிரல் விழுந்துவிடும். எனவே இப்படிப்பட்ட பேக்கேஜ்கள் எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்யவேண்டும். முதலில் பழையது, புதியது இரண்டுக்கும் சேர்த்துச் செய்வார்கள். சோதனைகள் தேறிய பிறகு புதியதை இயல்புநிலைப் பதிப்பாக்கி, கடைசியில் பழையதை எடுப்பார்கள். 3.12இல் டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பழைய நிறுவல் கருவியே நீக்கப்பட்டது. அதை அழைத்த பேக்கேஜ்கள் கம்பைல் ஆகாமல் நின்றன. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து திருத்தவேண்டியிருந்தது.

"என் மெஷின்ல ஓடுதே" என்ற பதிலும் செல்லாது. அறிவித்த சார்புகள் (தேவைப்படும் பிற பேக்கேஜ்கள்) மட்டுமே உள்ள வெற்றுச் சூழலில், டெபியனின் சொந்தக் கணினிகள்தான் கம்பைல் செய்கின்றன.

ரஸ்ட் மொழியில் இன்னொரு சிக்கல். அதன் கம்பைலரே ரஸ்டில்தான் எழுதப்பட்டிருக்கிறது. தயிருக்கு உறை ஊற்ற நேற்றைய தயிர் வேண்டும் என்பதுபோல, புதுக் கம்பைலரை உருவாக்க முந்தைய பதிப்பு கையில் இருக்கவேண்டும். ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு வரும் மொழி அது. பல பதிப்புகளைத் தவறவிட்டால் வரிசையாக ஏறி வரவேண்டும்.

இத்தனை சோதனை எதற்கு என்பவர்கள் 2024 மார்ச்சை நினைத்துப் பார்க்கட்டும். எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திருட்டு வழி ஒன்று இருந்தது. அதைத் தூண்டும் வரிகள் வெளியீட்டுக் கோப்பில் இருந்தன, மூலநிரல் மாற்றங்களைப் பதியும் கிட் களஞ்சியத்தில் இல்லை. கையொப்பமும் சரியாகவே இருந்தது, ஏனென்றால் போட்டவரே உள்ளே புகுந்த ஆள். டெபியனின் 'சிட்' என்ற நிலையற்ற கிளையில் எஸ்எஸ்எச் வழியாகத் தொலைக் கணினியில் உள்நுழைவது அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் துருவிக் கண்டுபிடித்தார். நிலையான பதிப்புக்கு அது போகவே இல்லை. கடலூர் அரசுப் பள்ளி மாணவர்களின் இலவச மடிக்கணினியில் வந்த பாஸ் லினக்ஸ் என்ற இந்திய இயங்குதளத்துக்கும் டெபியன்தான் அடித்தளம். அந்தக் காத்திருப்பு அவர்களையும் சேர்த்தே காக்கிறது.

புதுப் பதிப்பு இன்றே வேண்டுமா? மூலநிரலை இறக்கி, நிறுவும் இடமாக (பிரிஃபிக்ஸ்) உங்கள் ஹோம் அடைவைக் கொடுத்துக் கம்பைல் செய்து, 'மேக் ஆல்ட்இன்ஸ்டால்' போடுங்கள். அது 'பைத்தான்3.14' என்ற மாதிரி முழுப் பெயரில் உட்காரும். சிஸ்டத்தின் 'பைத்தான்3'ஐ மட்டும் தொடாதீர்கள், டெபியனின் சொந்தக் கருவிகள் பல அதில்தான் ஓடுகின்றன.