காற்றுப் படாத இடத்தில்தான் துரு தின்னும்

முன்கண்ணாடிக்குக் கீழே, பானட்டின் ஓரமாக இருக்கும் சல்லடைப் பட்டியைக் கழற்றிவிட்டு மேஸ்திரி உள்ளே கையை விட்டார். ஒரு பிடி கறுத்த மாவிலை வந்தது. மழை பெய்து பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தும் அது கையில் ஈரமாக ஒட்டியது. "இதுதான் சார் வண்டியைத் தின்னுருக்கு" என்றார்.

கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் போகும் வழியில் ஒரு தகரக் கொட்டகை அது. வண்டி, 1960-களின் தொடக்கத்தில் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் 220 எஸ். பின்பக்கம் மீன்துடுப்பு மாதிரி இரண்டு முனை எழும்பி நிற்குமே, அந்த மாடல். காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு மாந்தோப்பு வீட்டில் பல வருடம் நின்றிருந்ததை ஒருவர் வாங்கி, முழுக்கப் பிரித்துச் சரிசெய்து விற்பதற்காக இங்கே கொண்டுவந்து விட்டிருந்தார். வேலை முடிய ஒன்றரை வருடம் ஆனது. நான் மாதத்துக்கு ஒரு முறையாவது போய்ப் பார்த்தேன்.

வெயிலும் மழையும் நேராக விழுந்த கூரையில் துரு மேலோட்டமாகத்தான் இருந்தது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் போய்விட்டது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி வடிவத் தகடு, வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்த இடம், ஸ்க்ரூடிரைவரால் குத்தியதும் அப்பளமாக நொறுங்கியது. காற்று தாராளமாகப் பட்ட இடம் தப்பித்து, மூடிக் கிடந்த இடம் உளுத்துப்போனது ஏன்?

துரு பிடிக்க இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் வேண்டும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் இந்த மூன்றும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டியதில்லை என்பதை அங்கே சொல்லித் தருவதில்லை. துரு பிடிப்பது ஒரு குட்டி பேட்டரி வேலை செய்வது போன்றது. ஓர் இடத்தில் இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியாகவே இன்னோர் இடத்துக்கு ஓடி, அங்கே ஆக்சிஜனையும் நீரையும் சந்தித்துக் காரத்தை உண்டாக்குகின்றன. ஆக்சிஜன் அதிகம் உள்ள இடம் எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது. ஆக்சிஜன் குறைந்த இடம் கொடுக்கிறது, கொடுத்துக் கொடுத்தே கரைகிறது.

கேம்பிரிட்ஜில் யூ. ஆர். எவன்ஸ் என்ற விஞ்ஞானி ஒரே ஒரு சொட்டு உப்புநீரை வைத்து இதைக் கண்ணுக்குக் காட்டினார். பளபளப்பாகத் தேய்த்த இரும்பின் மேல் அந்தச் சொட்டு. இரும்பு கரைந்தால் நீலமாகும், காரம் உண்டானால் ரோஸாகும் இரண்டு வேதிப்பொருள்களை அதில் கலந்திருந்தார். சிறிது நேரத்தில் சொட்டின் ஓரம் ரோஸாக மாறியது, நடுப்பகுதி நீலமாக மாறியது. காற்று எளிதில் நுழையும் ஓரம் பத்திரமாக இருக்க, காற்று எட்டாத நடுப்பகுதி கரைந்தது. பழுப்புத் துரு இரண்டுக்கும் இடையே வளையமாகப் படிந்தது. அதாவது துரு தெரியும் இடமும் இரும்பு போன இடமும் ஒன்றல்ல. வீட்டில் ஒரு துண்டுத் தகட்டைத் தேய்த்து, உப்புநீர்ச் சொட்டு வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள், அந்த வளையம் தெரியும்.

மாவிலைக் குவியலுக்கு அடியில் நடந்ததும் இதுதான். முன்கண்ணாடியில் வழியும் மழைநீர் வெளியேற அந்தப் பள்ளத்தில் துளைகள் உண்டு. இலை அடைத்ததும் நீர் தேங்கி, பக்கவாட்டில் வழிந்து, கீழ்ப்பெட்டிக்குள் இறங்கியது. இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று படியும் மடிப்புகளில் நீர் புகுந்தால் அங்கே காற்று போகாது. துரு, தான் தின்ற இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அதனால் மடிப்பு பிளந்து, இன்னும் நீர் புகும்.

இந்த வண்டிக்குத் தனி அடிச்சட்டம் கிடையாது, உடலே சட்டம். 1959-ல் வந்த இந்த வரிசையில்தான், மோதலில் முன்னும் பின்னும் நசுங்கி நடுக்கூண்டு நிலைத்து நிற்க வேண்டும் என்ற மெர்சிடிஸ் பொறியாளர் பேலா பரேனியின் யோசனை முதன்முதலில் விற்பனைக்கு வந்த காரில் இடம்பெற்றது. அந்தக் கூண்டைத் தாங்குவதே கீழ்ப்பெட்டிதான். அது உளுத்துப்போன வண்டிக்கு மேலே பட்டி (குழியை நிரப்பும் பசை) பார்த்து, பெயின்ட் அடித்து விற்பவர்கள் செய்வது பெரிய பாவம் என்றே நான் நினைக்கிறேன்.

மேஸ்திரி கெட்ட தகட்டை வெள்ளையாக இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்தார். புதுத் தகட்டை மடித்து, இங்கே ஒரு பொட்டு அங்கே ஒரு பொட்டு என்று தள்ளித் தள்ளி வெல்டிங் வைத்தார். ஒரே ஓட்டமாக வைத்தால் சூடேறிய இடம் விரியப் பார்க்கும், சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடாது, ஆறும்போது அந்த இடம் சுருங்கித் தகடு முழுவதும் கோணும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தகட்டில் இது உடனே தெரியும்.

கொட்டகையின் பின்னால் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் இருந்தது. அதில் சலவைச் சோடா கரைத்த நீர். துருப்பிடித்த கதவுக் கீல்கள், பிராக்கெட்டுகள் எல்லாம் கம்பியில் கட்டித் தொங்கின. பேட்டரி சார்ஜரின் நெகடிவ் முனை அவற்றுக்கு, பாசிடிவ் முனை பழைய இரும்புத் தகடுகளுக்கு. தோப்பில் எலக்ட்ரானை இழந்துகொண்டே இருந்த இரும்புக்கு இப்போது எலக்ட்ரானை ஊட்டுகிறார்கள். துருவின் ஒரு பகுதி கருப்புப் பொடியாக மாறும், அடியில் கிளம்பும் ஹைட்ரஜன் குமிழ்கள் மீதியைத் தளர்த்தும். மறுநாள் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும், நல்ல இரும்பு துளிகூடக் குறையாது. அமிலத்தில் போட்டால் அப்படி இல்லை.

பாசிடிவ் முனைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டும் போடவே கூடாது, அதிலுள்ள குரோமியம் நஞ்சாக மாறி நீரில் இறங்கும். ஹைட்ரஜன் தீப்பற்றும் என்பதால் டிரம் திறந்த வெளியில்தான் இருக்க வேண்டும். ஸ்பிரிங்கை மேஸ்திரி இதில் போடவில்லை. குட்டி ஹைட்ரஜன் அணுக்கள் கடின எஃகுக்குள் நுழைந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவிடும். "ரோட்டுல போறப்ப ஒடஞ்சா யார் சார் பதில் சொல்றது?" என்றார்.

சுத்தமான இரும்பின் மேல் முதலில் ஈரம் புகவிடாத எபாக்சி பிரைமர் பூச்சு, அதன் பிறகே பட்டி. பட்டியில் டால்க் மாவு நிறைய இருப்பதால் அது ஈரத்தை உறிஞ்சும், வெறும் இரும்பின் மேல் வைத்தால் ஈரத்துணியைச் சுற்றியதுபோல ஆகும். தகடுகள் சேரும் மடிப்புகளில் துத்தநாக பிரைமர். துத்தநாகம் இரும்பைவிட எளிதாக எலக்ட்ரானைக் கொடுத்துவிடும், ஆகவே அது முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். மூடிய பெட்டிகளுக்குள் நீண்ட குழாய் விட்டு மெழுகு கலந்த எண்ணெயைப் பீய்ச்சினார்கள். சங்க காலத்தில் வேலுக்கு நெய் பூசி வைத்ததும் இரும்பிடமிருந்து ஈரத்தை விலக்கத்தான்.

பம்பர்கள் ஓசூரில் ஒரு முலாம் பட்டறைக்குப் போயின. குரோம் என்று நாம் பார்க்கும் பளபளப்பின் பெரும்பகுதி நிக்கலுடையது. முதலில் செம்பு, அதைத் தேய்த்துக் குழிகளை நிரப்பி, மேலே நிக்கல், கடைசியில் குரோமியம். குரோமியத்தின் தடிமன் ஒரு மைக்ரானில் பாதிகூட இருக்காது. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அவ்வளவு மெல்லிய படலம் கீறலையும் நிக்கல் மங்குவதையும் தடுக்கிறது, அந்த லேசான நீலச் சாயலைத் தருகிறது. ஈரத்தை நிறுத்துவது நிக்கல்தான். நிக்கலில் கஞ்சத்தனம் செய்த பம்பர் இரண்டு மழைக்காலத்தில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிப்பது அதனால்தான்.

2195 சிசி, ஆறு சிலிண்டர் எஞ்சின் இறுகிப்போயிருந்தது. டீசல் ஊற்றி ஊறவைத்ததில் ஒரு வாரத்தில் விட்டுக்கொடுத்தது. அதன் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்சி புத்தகத்தோடு ஒத்துப்போனதில் வண்டிக்காரருக்குப் பெரிய நிம்மதி. ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் வந்த மத்திய விதி 'விஏ' எழுத்துள்ள தனி எண் தருகிறது. எஞ்சினும் உடலும் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

பெங்களூரிலிருந்து வந்த வாங்குபவர் வண்டியின் நிறத்தை ஒரு பார்வைதான் பார்த்தார். பையிலிருந்து பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியை எடுத்தார். அடியில் இருக்கும் இரும்பு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைக் காந்தப்புலத்தால் அறியும் கருவி அது. கதவு, கூரை, சக்கர வளைவு என்று ஒவ்வொன்றாக வைத்துக் குறித்துக்கொண்டார். எங்கேயும் எண் எகிறவில்லை, அதாவது பட்டியைத் தடிமனாக அப்பி மறைத்த இடம் எதுவும் இல்லை. பிறகு தரையில் மண்டியிட்டு, கீழ்ப்பெட்டியின் அடியில் விரலால் தடவி, நீர் வெளியேறும் துளைகளைத் தேடினார்.

மேஸ்திரி எதுவும் பேசவில்லை. ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து முன்கண்ணாடிக்குக் கீழே அந்தப் பள்ளத்தில் மெதுவாக ஊற்றினார். இரண்டு முன்சக்கரங்களுக்கும் பின்னால், பக்கத்துக்கு ஒரு தாரையாக, தண்ணீர் செம்மண்ணில் விழுந்தது.