லேண்ட்ஸ்கேப் என்றால் இயற்கைக் காட்சியா?

லேண்ட்ஸ்கேப் போட்டோகிராபி என்றதும் நம்மில் பலர் யோசிக்காமல் தமிழில் எழுதுவது 'இயற்கைக் காட்சிப் புகைப்படம்'. மலை, பனிமூட்டம், அருவி, ஓரமாக ஒற்றை மரம். காலண்டருக்கு அது போதும். ஆனால் 1975-இல் நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டர் நகரில், ஜார்ஜ் ஈஸ்ட்மன் ஹவுஸ் என்ற புகைப்பட அருங்காட்சியகத்தில், அதன் கண்காட்சி அமைப்பாளர் வில்லியம் ஜென்கின்ஸ் 'நியூ டோபோகிராபிக்ஸ்' என்று ஒரு கண்காட்சி வைத்தார். அதில் புகைப்படக்காரர் ராபர்ட் ஆடம்ஸ் காட்டியது கொலராடோ சமவெளியில் வரிசையாக முளைத்த ஒரே மாதிரி வீடுகள், இன்னொரு புகைப்படக்காரர் லூயிஸ் பால்ட்ஸ் காட்டியது கலிபோர்னியாவின் தொழிற்பேட்டைச் சுவர்கள். அதுவும் லேண்ட்ஸ்கேப்தான். கண்காட்சியின் துணைத்தலைப்பே 'மனிதர் மாற்றிய நிலம்' என்ற பொருளில் இருந்தது. இதைப் போய் இயற்கைக் காட்சி என்றால் சிரிக்க மாட்டார்களா?

சரி, சொல் எங்கிருந்து வந்தது? டச்சு மொழியின் 'லாண்ட்ஸ்கஹப்'. லாண்ட் என்றால் நிலம், பின்னால் ஒட்டியிருப்பது பிரெண்ட்ஷிப்பின் வாலில் இருக்கும் 'ஷிப்'புக்கு உறவுக்கார ஒட்டு. முதலில் அதற்கு வட்டாரம், ஒரு நிலப்பகுதி என்றுதான் பொருள், அழகுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்புறம் டச்சு ஓவியர்கள் நிலத்தையே தனியாக வரையத் தொடங்க, 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஓவியர் சொல்லாக அது ஆங்கிலத்துக்குள் போனது. எனக்குப் பிடித்த இடம் இதுதான்: ஆங்கிலத்தில் முதலில் படத்துக்குத்தான் அந்தப் பெயர், கண்ணெதிரே விரியும் நிலத்துக்கு அது வந்தது பிறகுதான்.

அதனால் என் ஓட்டு 'நிலக்காட்சி'க்கு. நிலமும் இருக்கிறது, அதைப் பார்க்கிற கண்ணும் இருக்கிறது. கடற்காட்சி, நகர்க்காட்சி என்று கூடப்பிறந்த சொற்களும் தடையில்லாமல் கிடைக்கின்றன. 'நிலப்பரப்பு' வரைபடத்துக்கும் சதுர கிலோமீட்டருக்கும் பொருந்தும், படத்துக்குப் பொருந்தாது.

'திணை' என்று வைக்கலாமே என்பவர்கள் உண்டு. ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் அது நிலத்தோடு மனித ஒழுக்கத்தையும் சேர்த்துக் குறிக்கும் சொல், ஒரு படவகைக்குப் பெயராக வைத்தால் தாங்காது (அவசரத்தில் 'தினை' என்று தட்டினால் விஷயம் சாப்பாட்டுப் பக்கம் போய்விடும்). ஆனால் இன்றைய படங்களைப் புரிந்துகொள்ளத் திணை நன்றாகவே உதவும். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்து முதற்பொருள் என்கிறது அல்லவா? பிரிட்டிஷ் புகைப்படக்காரர் குளோயி டியூ மேத்யூஸ் 2014-இல் வெளியிட்ட 'ஷாட் அட் டான்' ('விடியலில் சுடப்பட்டவர்கள்') புகைப்பட வரிசையைப் பாருங்கள். முதல் உலகப்போரில் கோழைத்தனம், படையைவிட்டு ஓடியது என்று குற்றம் சாட்டித் தங்கள் சொந்தப் படையே சுட்டுக் கொன்ற பிரிட்டிஷ், பிரெஞ்சு, பெல்ஜிய வீரர்கள் செத்த இடங்களுக்குப் போய், கூடியவரை அதே பருவத்தில், அதே விடியல் வேளையில் 23 படங்கள் எடுத்தார். படத்தில் ஆளில்லை. வயல், மரம், ஈர மண், சாம்பல் வெளிச்சம். இடம் மட்டும் போதாது, பெரும்பொழுதும் சிறுபொழுதும் வேண்டும் என்று அவர் போய் நின்றதில்தான் அந்த நினைவு ஒட்டியிருக்கிறது.

கயானாவில் பிறந்து லண்டனில் வளர்ந்த புகைப்படக்காரர் இங்க்ரிட் பொல்லார்ட் 1980-களின் கடைசியில் இன்னொரு பக்கத்தைத் தொட்டார். 'பாஸ்டோரல் இன்டர்லூட்' வரிசையில் இங்கிலாந்தின் ஏரி மாவட்டம் (லேக் டிஸ்ட்ரிக்ட்), ஊர் மெச்சும் பச்சை, அதற்குள் கறுப்பின மனிதர்கள், கூடவே அங்கே தனியாக நிற்கும்போது வரும் அச்சத்தைச் சொல்லும் வரிகள். நிலம் அதேதான், யார் நிற்கிறார் என்பதில் காட்சி மாறிவிடுகிறது. 'இயற்கைக் காட்சி' என்ற சொல்லுக்குள் இந்தப் பயத்தை எங்கே வைப்பது?

மற்ற லேண்ட்ஸ்கேப்புகளுக்கும் நிலக்காட்சியை இழுக்காதீர்கள். 'அரசியல் லேண்ட்ஸ்கேப்' என்பது நம் ஊர் அரசியல் களம்தான். போனைப் படுக்கவாட்டில் பிடிப்பதற்குக் 'கிடைமட்டம்' போதும்.