பேரிகேடு: பீப்பாயில் பிறந்த சொல்

சாலையை மறித்து நிற்கும் இரும்புச் சட்டத்தைச் செய்தித்தாள்கள் பல நேரங்களில் ‘பேரிகார்டு’ என்று எழுதுகின்றன. அருகில் காவலர் நிற்பதாலோ என்னவோ, காவலைக் குறிக்கும் ‘கார்டு’ அதில் வந்து ஒட்டிக்கொண்டது. மூலச்சொல்லில் அது கிடையாது. ‘பேரிகேடு’ என்பதே ஆங்கில ஒலிப்புக்கு நெருக்கமானது.

ஆங்கிலம் இச்சொல்லை 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு வழியாகப் பெற்றது. பிரெஞ்சில் ‘பாரிக்’ என்றால் மரப்பீப்பாய்; ஏறத்தாழ 225 லிட்டர் கொள்ளும் ஒயின் பீப்பாய்க்கு இன்றும் அதுவே பெயர். வெறும் பீப்பாயை ஒருவரே உருட்டிக்கொண்டு வந்துவிடலாம். தெருவின் குறுக்கே நிமிர்த்தி வைத்து மண்ணும் கல்லும் கொட்டி நிரப்பிவிட்டாலோ, பலர் சேர்ந்தாலும் அதை எளிதில் அசைக்க முடியாது. 1588 மே 12 அன்று, பிரெஞ்சு மன்னர் மூன்றாம் ஹென்றி பாரிஸுக்குள் படையை இறக்கியதை எதிர்த்து நகர மக்கள் இவ்வாறுதான் தெருக்களை அடைத்தார்கள். மறுநாளே மன்னர் தலைநகரை விட்டு வெளியேற நேர்ந்தது. 1830, 1848 ஆண்டுகளின் புரட்சிகளில் தளக்கற்களும் கவிழ்த்த வண்டிகளும் வீட்டுச் சாமான்களுமே தெருவில் குவிந்தன என்றாலும், பீப்பாயின் பெயர் மட்டும் மாறவில்லை.

ஆகவே, அவசரத்தில் கைக்குக் கிடைத்ததைக் குவித்து வழியை அடைப்பதே இச்சொல்லின் உட்கிடை. கதவுக்குப் பின்னால் மேசையையும் கட்டிலையும் நகர்த்தி வைத்துக்கொண்டு ஒருவர் உள்ளேயே இருந்துவிடுவதையும் ஆங்கிலத்தில் இதே சொல்லை வினையாக்கிச் சொல்கிறார்கள்.

தமிழில் இதை ‘வேலி’ என்பது பொருந்தாது. வேலி எல்லையைச் சுற்றி வளைப்பது, இது வழியைக் குறுக்கே மறிப்பது. ‘தடை’ என்றால் மொழித் தடை, சட்டத் தடை போன்ற கண்ணுக்குத் தெரியாதவையும் அதில் அடங்கிவிடும். போராட்டக்காரர்கள் எழுப்புவதற்குத் ‘தடுப்பரண்’ என்பதே என் தேர்வு, ஏனெனில் அரண் என்பதில் பின்னால் இருப்போரைக் காக்கும் பொருளும் சேர்ந்திருக்கிறது. சக்கரம் பூட்டித் தள்ளிக்கொண்டு போகும் இரும்புச் சட்டத்துக்கு அவ்வளவு கனமான சொல் வேண்டியதில்லை. ‘சாலைத் தடுப்பு’ போதும். ஆட்டுப்பட்டியின் வாயிலை அடைக்கவும் வேண்டும்போது விலக்கவும் உதவும், குச்சிகளால் கட்டிய ‘படல்’ தொழிலால் இதற்கு இன்னும் நெருக்கமானதுதான், ஆனால் அதை இரும்புக்கு ஆள யாரும் துணியவில்லை.