மழையில் தூவி சூடு தராது: குளிர் ஜெக்கட் வாங்கப் போகிறவர்களுக்கு

சென்ற ஐப்பசியில் ஒருநாள் இரவு, கனடாவில் இருக்கும் என் அக்கா மகனிடமிருந்து ஒரு படம் வந்தது. முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும் பெரிய பச்சை ஜெக்கட். கீழே அவன் கேள்வி: "மாமா, வேலையிடத்து ஆட்கள் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள். இதை எடுக்கவா? வாத்துத் தூவி, 800 ஃபில், வாட்டர்ப்ரூஃப் என்று போட்டிருக்கிறது."

ஒன்றரை மாதச் சம்பளத்தில் பாதி அதன் விலை. எடு என்று சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்டேன். "நீங்கள் போகிற நேரம் அங்கே பனி கொட்டுமா, மழை பெய்யுமா?"

"இரண்டும்தான் மாமா. நவம்பர் நடுவில் ஒன்றும் சொல்ல முடியாது."

அப்படியென்றால் அது வேண்டாம் என்றேன். ஏன் என்பதை அவனுக்கு ஒரு மணி நேரம் விளக்க வேண்டியிருந்தது. அதே வாரத்தில், சிவனொளிபாத மலை ஏறி வந்த ஹட்டன் பையன் ஒருவன் என் கடைக்கு வந்து, கட்டி கட்டியாகச் சுருண்டு போன ஒரு ஜெக்கட்டை மேசையில் போட்டு, "இதைச் சரி பண்ண முடியுமா?" என்று கேட்டான். கனடாவில் இருப்பவனுக்கும் ஹட்டனில் இருப்பவனுக்கும் சொல்ல வேண்டியது ஒன்றாகவே இருந்ததால் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நான் பதினான்கு வருடம் குளிர்நாட்டு ஜெக்கட் தைக்கும் ஒரு தொழிற்சாலையில் இருந்தவன். கடைசி ஆறு வருடம் தரம் பார்க்கும் வேலை. இப்போது நுவரெலியாவில் ஜிப் மாற்றி, கிழிசல் ஒட்டிக் கொடுக்கும் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன்.

தூவியை ஆங்கிலத்தில் டவுன் (down) என்பார்கள். டவுன் என்றால் இறகு என்று பலர் நினைக்கிறார்கள். இறகு வேறு, தூவி வேறு. வாத்தின் நெஞ்சுப் பக்கத்து இறகுகளை விலக்கிப் பார்த்தால் அடியில் பஞ்சு மாதிரி ஒன்று இருக்கும். அதற்கு நடுத்தண்டு கிடையாது. ஒரு புள்ளியிலிருந்து எல்லாத் திசைக்கும் மெல்லிய இழைகள் கிளம்பியிருக்கும். எருக்கங்காய் வெடித்துப் பறக்கும் பஞ்சின் சாயல். அன்னத் தூவி மெத்தை என்று பழைய புலவர்கள் பாடி வைத்ததும் இப்படிப்பட்ட சமாச்சாரத்தைத்தான்.

தூவி அடைக்கும் அறையில் மின்விசிறி போட முடியாது. போட்டால் வேலை நடக்காது. வாயில் துணி கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பகுதிக்கும் கிராம் கணக்கில் நிறுத்து, குழாய் வழியாக ஊதி அடைப்பார்கள். சாயங்காலம் அந்த அறைப் பெண்பிள்ளைகள் பஸ் ஏறும்போது புருவத்தில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருக்கும். "கோழிப் பண்ணையிலயா வேலை?" என்று கண்டக்டர் கேட்பார். ஒரு கையளவு தூவியை உள்ளங்கையில் வைத்து மூடினால் அரை நிமிடத்தில் உள்ளங்கை வெதுவெதுவென்று ஆகிவிடும். ஆனால் சூடு தூவியில் இல்லை. அந்த இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கிற காற்றுதான் உங்கள் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது.

800 ஃபில் என்ற எண்ணும் இந்தக் காற்றின் கணக்குத்தான். ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம் சொச்சம் தூவி, எத்தனை கன அங்குல இடத்தை நிரப்புகிறது என்று அளந்து போடுவது. 550 சாதாரணம், 650 நல்லது, 800 உயர்ந்த ரகம். இதை வைத்து மட்டும் ஜெக்கட்டின் சூட்டை முடிவு செய்துவிடாதீர்கள். உள்ளே எத்தனை கிராம் போட்டிருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. 800 ரகத்தில் 100 கிராம் அடைத்த ஜெக்கட்டை விட 600 ரகத்தில் 200 கிராம் அடைத்தது அதிகக் காற்றைப் பிடிக்கும், அதிகச் சூடு தரும். எடை கூடும், அவ்வளவுதான். 90/10 என்று லேபிளில் இருந்தால் 90 பங்கு தூவி, 10 பங்கு இறகு. அதுவும் இல்லாமல் வெறுமனே 'டவுன்' என்று எழுதியிருந்தால் துணியைப் பிதுக்கிப் பாருங்கள். முள் மாதிரி விரலில் குத்தினால் உள்ளே இருப்பது பெரும்பாலும் இறகுதான்.

சரி, தண்ணீருக்கு வருவோம். தூவி நனைந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருண்டுவிடும். காற்றுக்கு இடம் போய்விடும். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். ஜெக்கட் போட்டிருக்கிறோம் என்ற நினைப்பில் ஈர மெத்தையைச் சுற்றிக்கொண்டு நிற்போம். சில ஜெக்கட்டுகளில் தூவிக்கே நீர் விலக்கும் பூச்சுக் கொடுத்து அடைக்கிறார்கள். கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். விடிய விடியத் தூறினால் அதுவும் தோற்றுப்போகும்.

துணிதான் வாட்டர்ப்ரூஃப் ஆயிற்றே என்பீர்கள். என் தொழில் இங்கேதான் வருகிறது. துணி வாட்டர்ப்ரூஃப் என்பது வேறு, ஜெக்கட் வாட்டர்ப்ரூஃப் என்பது வேறு. 10,000 மில்லிமீட்டர் என்று லேபிளில் இருந்தால், அந்தத் துணியின் மேல் 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் கசியாது என்று பொருள். நல்ல துணிதான். அதில் ஊசி ஏறிவிட்டதே! தூவி கீழே சரிந்து சேராமல் இருக்க ஜெக்கட்டைக் குறுக்கே குறுக்கே தைத்து அறை அறையாகப் பிரிப்பார்கள். வெளித்துணியோடு சேர்த்துத் தைத்தால் ஓர் அங்குலத்துக்கு எட்டுப் பத்துத் துளைகள் விழும். ஒரு ஜெக்கட்டில் ஆயிரக்கணக்கில். லயத்துத் தகரக் கூரையில் ஆணி அடித்த இடத்தில் எல்லாம் சொட்டுவது மாதிரிதான் இதுவும். அந்தத் தையல் கோட்டில் துணியும் துணியும் ஒட்டிக் கிடப்பதால் சூடும் அங்கேதான் வெளியேறும்.

உண்மையிலேயே மழை தாங்கும் தூவி ஜெக்கட்டில் அறைத் தையல் உள்ளே மறைந்திருக்கும். வெளித்துணி தனியாக, வழவழவென்று, கோடில்லாமல் இருக்கும். தோள், கை, தொப்பி சேரும் தையல்களின் உட்பக்கத்தில் விரலளவு அகலத்தில் ஒரு டேப் ஓடும். தொழிற்சாலையில் அந்த டேப்பின் மேல் தண்ணீர் அழுத்தம் கொடுத்து மறுபக்கம் துளி அரும்புகிறதா என்று கண் இமைக்காமல் பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. ஒரு துளி வந்தாலும் அந்தக் கட்டு முழுவதும் திரும்பப் போகும். அதனால்தான் அப்படிப்பட்ட ஜெக்கட்டுகளின் விலை நெஞ்சை அடைக்கிறது. விலை குறைவாகவும், வெளியே கோடு கோடாகத் தைத்தும் இருந்து, கடைக்காரர் வாட்டர்ப்ரூஃப் என்றால், சிரித்துவிட்டு வாருங்கள்.

சேம்பிலையில் தண்ணீர் உருளுவது போலப் புது ஜெக்கட்டில் தண்ணீர் உருளுவதைக் காட்டுவார்கள். அது மேற்பூச்சு. துவைக்கத் துவைக்க, தோள்பை உரச உரச அது போய்விடும். இந்தப் பூச்சுகளில் நெடுங்காலம் இருந்த ஃப்ளோரின் வேதிப்பொருள்கள் இயற்கையில் மக்காதவை. கலிபோர்னியா 2025 ஜனவரி முதல் அவற்றைச் சேர்த்த பெரும்பாலான உடுப்புகளைத் தடை செய்துவிட்டது. இப்போது வரும் மாற்றுப் பூச்சுகள் தண்ணீரை விலக்கும், எண்ணெய்ப் பிசுக்கை விலக்காது. கழுத்துப் பட்டியில் வியர்வையும் தலை எண்ணெயும் ஏறினால் அந்த இடம்தான் முதலில் நனையும். நம் ஆட்களின் தலையில் எண்ணெய்க்கு எப்போது குறை இருந்தது!

வேட்டை, மீன்பிடி போன்ற வேலைகளுக்கும் இந்த ஜெக்கட்டுக்கும் பிறப்பிலேயே தொடர்பு உண்டு. 1930களின் நடுவில் அமெரிக்காவின் எடி பவர், குளிர்காலத்தில் மீன்பிடிக்கப் போன இடத்தில் கம்பளி உடுப்பு நனைந்து குளிரில் சாகக் கிடந்து பிழைத்தவர். அதன் பிறகு அவர் தைத்த தூவி ஜெக்கட்டுக்கு 1940இல் காப்புரிமை கிடைத்தது. கம்பளி ஈரமானால் பாரம் ஏறும், உண்மைதான். ஆனால் ஈரத்திலும் அது கொஞ்சம் சூடு தரும். நம் பாட்டிமார் மழைக்குத் தலையோடு போர்த்தும் கொங்காணி போட்டுக்கொண்டு மலையில் நின்றதை யோசித்துப் பாருங்கள். மழைக்கு வெளியே ஒன்று, சூட்டுக்கு உள்ளே ஒன்று என்று இரண்டையும் பிரித்து வைத்திருந்தார்கள். நான் எல்லோருக்கும் சொல்லும் யோசனையும் அதேதான்.

இங்கே இலங்கையில் நாம் வேட்டைக்குப் போவதில்லை, போகவும் கூடாது. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, மரையைத் தொட்டால் வழக்கு. பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பியில் சிறுத்தை மாட்டிச் சாகிற கதை நம் தோட்டங்களில் இன்னும் நிற்கவில்லை, அது வேறு வயிற்றெரிச்சல். ஆனால் குளிரில் அசையாமல் காத்திருக்கும் வேலை நமக்கும் உண்டு. சிவனொளிபாதத்தின் 2,243 மீட்டர் உச்சியில் சூரியன் வரக் காத்திருப்பதும், ஓட்டாவாவுக்கு மேற்கே காட்டில் மானுக்குக் காத்திருப்பதும் உடம்புக்கு ஒரே கணக்கு. முதலில் ஏற்றம், வியர்வை. அப்புறம் அசையாமல் இருப்பு.

அந்த ஹட்டன் பையன் செய்த தவறு இதுதான். மலையடிவாரத்து நல்லதண்ணியில் இரவு ஒரு மணிக்கே தூவி ஜெக்கட்டைப் போட்டுக்கொண்டு ஏறத் தொடங்கியிருக்கிறான். இந்திக்கட்டுப்பான தாண்டுவதற்குள் உள்ளே வியர்வை, வெளியே தூறல். (புத்தர் தம் காவியின் கிழிசலைத் தைத்த இடம் என்று நம்பி யாத்திரிகர்கள் ஊசியும் நூலும் விட்டுச் செல்லும் இடம் அது. தையற்காரனான நான் அங்கே கொஞ்சம் கூடுதலாகவே நிற்பேன்.) உச்சியில் காற்று அடித்தபோது பல் கிட்டியிருக்கிறது. பேச்சுக் குழறியதாம், தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியவில்லையாம். தேநீர்க் கடைக்கார அண்ணன் ஜெக்கட்டைக் கழற்றச் சொல்லி, காய்ந்த கம்பளியைப் போர்த்திவிட்டு, சீனி அள்ளிப் போட்ட தேநீரைக் கொடுத்திருக்கிறார். அவர் செய்தது முழுக்கச் சரி. உடம்பின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் உயிருக்கே ஆபத்து. வெளியே உறைபனி இருக்க வேண்டும் என்றில்லை, 10 பாகையில் மழையும் காற்றும் சேர்ந்தால் போதும். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடு ஏறாமலே நடுக்கத்தை நிறுத்திவிட்டால் தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள், உடனே வைத்தியரிடம் கொண்டு போங்கள். சாராயம் கொடுக்கவே கூடாது.

நம் மலைக்கு என் சிபாரிசு: உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையைக் குடித்து ஈரமாகவே நிற்கும். கம்பளியோ பொலியெஸ்டரோ போடுங்கள். அதன் மேல் ஃப்ளீஸ் (மெத்தென்ற பொலியெஸ்டர் மேற்சட்டை). மழைக்கு டேப் ஒட்டிய மெல்லிய ரெயின் ஜெக்கட். கனமான ஜெக்கட் வேண்டும் என்று ஆசைப்பட்டால் செயற்கைப் பஞ்சு அடைத்தது. அமெரிக்க இராணுவத்துக்காக 1980களில் தூவிக்கு மாற்றாக உருவாக்கிய ரகம் அது. நனைந்தாலும் முழுதாகச் சுருளாது, தூவியைவிடச் சீக்கிரம் காயும். நுவரெலியா பேல் பஸாரில் தேடினால் எஞ்சிய ஏற்றுமதிச் சரக்கில் அருமையான உருப்படிகள் மாட்டும்.

அக்கா மகனுக்கும் ஏறக்குறைய இதையேதான் சொன்னேன். கடும் குளிரில், மைனஸ் 20இல், மழை என்ற பேச்சே இல்லை. விழும் பனி உதறினால் போய்விடும். அங்கே தூவி ராஜா. வாட்டர்ப்ரூஃபுக்குக் கொட்டும் காசைத் தூவியின் கிராமுக்குக் கொடுக்கலாம். பனியும் மழையும் மாறி மாறி வரும் நவம்பரில் செயற்கைப் பஞ்சே பத்திரம். எதுவானாலும் நடக்கும்போது பையில் இருக்கட்டும், உட்கார்ந்த பிறகு போடு. உள்ளே ஃப்ளீஸ் போட்டுக்கொண்டு அளவு பார். இறுகினால் காற்று நசுங்கிச் சூடு போகும். இரண்டு கையையும் துப்பாக்கி பிடிப்பதுபோல் தூக்கிப் பார், இடுப்பு வெளியே தெரியக் கூடாது. தொப்பி போட்டுத் தலையைத் திருப்பும்போது தொப்பியும் கூடத் திரும்ப வேண்டும். கையோடு கை உரசினால் சரசரவென்று சத்தம் போடும் நைலான் வேண்டாம், மானுக்குக் காது கூர்மை. பஞ்சுபோல் மெத்தென்ற மேல்துணி எடு.

பச்சை நிறத்தை அவன் விடுவதாக இல்லை. மானுக்குத் தெரியாதாம். துப்பாக்கியோடு காட்டில் நிற்கும் மற்ற ஆட்களுக்கும் தெரியாதே! ஒண்டாரியோவில் துப்பாக்கி மான் வேட்டைக் காலத்தில் இடுப்புக்கு மேல் குறைந்தது 400 சதுர அங்குலம் பளிச்சென்ற செம்மஞ்சள், எல்லாப் பக்கமும் தெரிகிற மாதிரி போட வேண்டும், தலையிலும் செம்மஞ்சள் வேண்டும் என்பது சட்டம். மான் கண்ணுக்குச் செம்மஞ்சள் எடுப்பாகத் தெரியாது, நீலம்தான் தெரியும். வெண்மை கூட்டும் சோப்புத் தூளில் துவைத்தால்தான் துணி நீலமாக மின்னிக் காட்டிக் கொடுக்கும். கடைசியில் செயற்கைப் பஞ்சு ஜெக்கட்டும் செம்மஞ்சள் மேலங்கியும் வாங்கினான். மான் கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

ஏற்கெனவே தூவி ஜெக்கட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தையல் வழியே தலை நீட்டும் இறகைப் பிடுங்காதீர்கள். பின்னாலேயே நாலு வரும். உட்பக்கத்திலிருந்து பிடித்து உள்ளே இழுத்துவிடுங்கள். துவைத்தால் முறுக்கிப் பிழியாதீர்கள். உலர்த்தும் இயந்திரத்தில் குறைந்த சூட்டில் இரண்டு டென்னிஸ் பந்தோடு போட்டால் கட்டிகள் உடையும். இயந்திரம் இல்லையா, நிழலில் படுக்கவைத்து ஒரு மணிக்கொரு தரம் கையால் உதிர்த்துவிடுங்கள். நுவரெலியா ஈரத்துக்கு மூன்று நான்கு நாள் ஆகும். அவசரப்பட்டு மடித்தால் பூஞ்சண வாடை வந்து ஒட்டிக்கொள்ளும். ஹட்டன் பையனின் ஜெக்கட்டுக்கு அப்படித்தான் நாலு நாள் பிடித்தது. முக்கால்வாசி மீண்டது.

அடுப்புக்கு மேலே கொடியில் போடவே போடாதீர்கள். போன வாரம் ஒரு தோட்டத்துப் பிள்ளை, சித்தி கொடுத்த ஜெக்கட்டின் கையில் பொறி பட்டு மிளகளவு ஓட்டையோடு வந்தாள். சுற்றிலும் நைலான் உருகிக் கறுத்து நின்றது. வட்டமாக வெட்டிய ஒட்டுத்துணியை அதன் மேல் வைத்து அழுத்தினேன். மூலை வைத்து வெட்டினால் மூலை முதலில் பெயரும், அதனால் வட்டம். "அங்கிள், மேலால ஒரு தையலும் போட்டு விடுங்களேன், பலமா இருக்கும்" என்றாள். ஊசியைக் காட்டி, அந்த ஓட்டையையும் காட்டினேன். புரிந்துகொண்டு சிரித்தாள்.