துபாயில் கம்பெனி, திருப்பூரில் முடிவு

"துபாய்ல வரியே கெடையாதுன்னாங்க. லைசென்ஸ் எடுத்தாச்சுங்க. இனி பில்லெல்லாம் அது வழியாவே போட்டுக்கலாமுங்களா?"

இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்தவர் ஒரு பனியன் ஏற்றுமதியாளர். லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது, நான்கு ஷிப்மென்ட்டும் போய்விட்டது. ஐரோப்பிய பையர் ஒரு பீஸுக்கு 3 டாலர் தருகிறார். இவருடைய திருப்பூர் ஃபேக்டரி துபாய் கம்பெனிக்கு 2.40 டாலருக்கு பில் போடுகிறது. மீதி 60 சென்ட் அங்கேயே நிற்கும். 5 லட்சம் பீஸ் என்றால் 3 லட்சம் டாலர். சரக்கு தூத்துக்குடியிலிருந்து நேராக ஐரோப்பாவுக்குப் போகிறது. துபாயில் இருப்பது ஒரு வாடகை மேசை மட்டும்தான்.

முதலில் அந்த "வரியே கெடையாது" பேச்சு. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2023 ஜூன் 1 முதல் தொடங்கும் கணக்காண்டுகளுக்கு கம்பெனி வரி வந்துவிட்டது. 3,75,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட லாபத்துக்கு 9 சதவீதம். ஃப்ரீ ஜோன் என்ற சலுகை மண்டலத்தில் பதிவான கம்பெனிக்குச் சுழிய வரி உண்டு, ஆனால் தகுதியுள்ளது என்று சட்டம் சொல்லும் வருமானத்துக்கு மட்டும். அதற்கும் அங்கே ஆளும் செலவும் உண்மையான வேலையும் இருக்க வேண்டும். லைசென்ஸ் விற்கும் ஏஜென்ட் இதைச் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பெரிய சிக்கல் இந்தியாவில்தான். இரண்டு கம்பெனியும் ஒரே கையில் இருப்பதால், அவற்றுக்கிடையே போடும் விலை, சம்பந்தமில்லாத இருவர் பேரம் பேசினால் எந்த விலைக்கு முடியுமோ அந்த விலையாக இருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் பிரைசிங் என்பது இதுதான். தொகை எவ்வளவு சிறியதானாலும் ஆடிட்டர் அறிக்கை தர வேண்டும். வருடத்துக்கு ஒரு கோடியைத் தாண்டினால் விலையை நியாயப்படுத்தும் ஆவணங்களையும் வைத்திருக்க வேண்டும். பையரைப் பிடித்தது, சாம்பிள் அனுப்பியது, கடன் ரிஸ்க் எடுத்தது எல்லாமே திருப்பூர். அப்படியானால் அந்த 60 சென்ட்டை துபாய் எதற்காகச் சம்பாதித்தது? வரி அதிகாரி முதலில் கேட்பது இதைத்தான். ஏற்றுமதியாளரிடம் பதில் இல்லை.

துபாய் கம்பெனியின் டர்ன்ஓவர் ஒரு வருடத்தில் 50 கோடி ரூபாயைத் தாண்டினால் இன்னொன்றும் சேரும். முக்கிய முடிவுகள் உண்மையில் எங்கே எடுக்கப்படுகின்றன என்று பார்த்து, துபாய் கம்பெனியையே இந்தியாவில் வசிக்கும் கம்பெனியாகக் கருதி, இங்கே வரி கேட்க முடியும். அங்கே ஒருவர் கையெழுத்துப் போடுவதால் மட்டும் இது மாறாது. "இந்த ரேட்டுக்கு ஓகே பண்ணு" என்று திருப்பூரிலிருந்து போகும் வாட்ஸ்அப் செய்தியே சாட்சி.

பேசிக்கொண்டிருக்கும்போதுதான் இன்னொரு விஷயம் தெரிந்தது. லைசென்ஸ் பணத்தையும் முதலீட்டையும் அங்கே இருக்கும் மச்சான் கட்டியிருக்கிறார். பங்கு இவர் பெயரில். வெளிநாட்டு முதலீடு என்றால் இங்குள்ள வங்கி வழியாகப் போய், ரிசர்வ் வங்கியின் அடையாள எண் பெற்று, ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31-க்குள் அறிக்கை தர வேண்டும். அந்தப் பங்கையும் வங்கிக் கணக்கையும் இவருடைய சொந்த ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்டவுமில்லை. 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தில் இதற்கு 10 லட்ச ரூபாய் அபராதம் விதிக்கலாம். சொத்தின் மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் என்றால் 2024 அக்டோபர் முதல் விலக்கு உண்டு, அசையாச் சொத்துக்கு அது கிடையாது. "யாருக்குத் தெரியப்போகுது" என்று நினைக்க வேண்டாம். அமீரகம் 2018 முதல் வங்கிக் கணக்கு விவரங்களைப் பிற நாடுகளோடு பரிமாறிக்கொள்கிறது.

இந்தியாவில் 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம். பிரிவு எண்கள் மாறுகின்றன, இந்த அடிப்படைகள் மாறவில்லை.

துபாய் கம்பெனியே கூடாது என்று நான் சொல்லவில்லை. துபாயின் துறைமுகப் பகுதியான ஜெபல் அலியில் கிடங்கு எடுத்து, ஆப்பிரிக்க பையர்களுக்குச் சரக்கு வைத்து விற்று, அங்கேயே ஒரு ஆளை வைத்து ரேட் பேச வைப்பவருக்கு அது நல்ல ஏற்பாடு. அந்த வேலைக்கேற்ற லாபம் அங்கே நிற்பதில் தவறில்லை. இவரும் இப்போது தம்பியைக் குடும்பத்தோடு அங்கே அனுப்ப யோசிக்கிறார். அதற்கு முன்னால், ஏற்கனவே போய்விட்ட அந்த நான்கு ஷிப்மென்ட்டின் விலையை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.